எலி என்று சொல்லாதே

ஆர்டர் எடுக்கிற எங்கள் தொழிலில் தாளும் பேனாவும் கிடையாது, தலை மட்டும்தான். அந்தத் தலை ஒரு ஞாயிறு மத்தியானம், ஏழாம் மேசைக்கும் தண்ணி கலக்குகிற இடத்துக்கும் நடுவில் நின்றபடி காலியாகிவிட்டது.

பத்தடி தூரம்தான். ஆறு பேர், ஆறு தண்ணி. ஆற்றிய பால் டீயான தே தாரே, பால் போடாத கோப்பி ஓ, எலுமிச்சை பிழிந்த லிமாவ் ஐஸ், எங்கள் ஊரில் குடிப்பதெல்லாம் தண்ணிதான். தண்ணி கலக்கும் சுல்தான் அண்ணன் "சொல்லு, சொல்லு" என்று கையை ஆட்டுகிறார். வாயைத் திறக்கிறேன், ஒன்றும் வரவில்லை. திரும்பிப் போய்க் கேட்டேன். மறுபடியும் போனேன். மூன்றாவது தடவை அந்தக் குடும்பத்துப் பெரியவர் சொன்னார்: "தம்பி, நாங்க ஆறு பேரு. அதையாச்சும் ஞாபகம் வச்சுக்க லா."

ஆற்றுத் தண்ணி

மேசை மேசையாக ஓடும் சகோதரர்களே, உங்களுக்கும் எப்போதாவது இப்படி ஆகியிருக்கும். எனக்கு ஒரே நாளில் எட்டுத் தடவை ஆனது. முன்பு அப்படியில்லை. நான் பாலோ தோட்டத்துப் பையன். நாலாம் படிவத்தோடு பள்ளியை விட்டேன். படிப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பின்னால் வந்த நோய் மேல் பழி போட மாட்டேன். ஆயர் ஈத்தாமில் ஜமால் பாய் கடையில் சேர்ந்து ஆறு மாதம் ராஜா மாதிரி ஆர்டர் எடுத்தேன். பஸ் நின்றால் நாற்பது பேர் இறங்குவார்கள், ஒரு கிளாஸ்கூட மாறாது. அப்புறம் ஒரு லீவு நாளில், காலில் புண்ணோடு, கூட்டாளிகளோடு ஆற்றில் குளித்தேன். எலி மூத்திரம் கலந்த தண்ணீராம். எலிக் காய்ச்சல். ஐசியூவில் பதினோரு நாள், தொண்டையில் குழாய். பிழைத்து வேலைக்குத் திரும்பினேன். காய்ச்சல் போய்விட்டது, மண்டைக்குள் இருந்த மந்தம் மட்டும் போகவில்லை.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: "கிருமிதான் செத்துப்போச்சே, அப்புறம் என்ன?" அந்த அம்மா கோபப்படவில்லை. மூளைக்குள் காவல் செல்கள் இருக்கின்றனவாம். பெரிய சண்டை ஒன்றைப் பார்த்துவிட்டால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுமாம். எதிரி போன பிறகும் சில பேருக்கு அவை விறைப்பாகவே நிற்குமாம், சின்னச் சளிக்கும் துள்ளுமாம். என் மறதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை என்றார். "அதுங்களுக்குச் சண்டை ஞாபகம் இருக்கு, எனக்கு ஒரு தே ஓ ஞாபகம் இல்லையா?" என்றேன். சிரித்தார். நல்லா தூங்கு, நட, எதையும் எழுதி வை என்றார். எப்போது சரியாகும் என்று கேட்பதை நான் விடவில்லை. "பெரும்பாலும் மெதுவா திரும்பும் தம்பி. தேதி சொன்னேன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம்."

நீலப் புத்தகம்

சரி, எழுதலாம் என்று நீல அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். மறுநாள் காலை மூன்றாம் மேசை பக்கத்தில் நின்று எழுத ஆரம்பித்தேன். எங்கள் மாதிரிக் கடைகளில் நின்றுகொண்டு எழுதுகிறவர் ஒருவர்தான்: நகராண்மைக் கழகத்திலிருந்து சுத்தம் பார்க்க வரும் அதிகாரி. சமையற்கட்டு ஜன்னலில் பார்த்தால் என் கையும் புத்தகமும் மட்டும்தான் தெரியும். ரொட்டி போடுகிறவர் பாய்ந்து தொப்பியை மாட்டினார். கறிச் சட்டிகளுக்கெல்லாம் மூடி வந்தது. யாரோ ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டினார்கள். ஜமால் பாய் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடி வந்தார், எனக்கு ஒருநாளும் காட்டாத சிரிப்போடு.

என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு செத்தது. "புத்தகத்தை உள்ள வை. மறந்துட்டா, கூட்டம் அதிகம்னு சொல்லு. காய்ச்சல் கதை எதுவும் மேசையில வேணாம். சாப்பாட்டுக் கடைக்குள்ள எலி பேரை எடுத்தேன்னு வை, அன்னையிலேருந்து நீ பின்னாடி தட்டு கழுவுறவன்."

தொண்டை

தட்டு கழுவுவது கேவலமில்லை. ஆனால் பின்னால் போய்விட்டால், என் ஞாபகம் திரும்பிவிட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். எனக்கு அதுதான் பயம். சுல்தான் அண்ணன் இரண்டு நாள் என்னைக் கவனித்தார். மூன்றாம் நாள், "நடந்து வந்து சொல்லாத. மேசையிலேருந்தே கத்து" என்றார்.

கத்தினேன். ஒவ்வொரு கத்தலுக்கும் அவர் ஒரு கிளாஸை எடுத்து வைத்தார். பால் வேண்டுமென்றால் அடியில் பால், ஐஸ் வேண்டுமென்றால் ஐஸ், லிமாவ் என்றால் ஒரு துண்டு. நான் அங்கே போய்ச் சேர்வதற்குள் மொத்த ஆர்டரும் வரிசையாக நின்றது. மனதில் சுமக்க ஒன்றுமில்லை. சில நாள் மூன்று தண்ணி கத்தாமலே தலையில் நின்றது. சில நாள் ஒன்றுகூட நிற்கவில்லை. நன்றி சொல்லப் போனேன், அண்ணன் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "உன் தலை லீவுல இருக்கட்டும்டா. தொண்டைக்கு ஒண்ணும் ஆகலையே?"

இரண்டே மேசை

போன மாதம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். தண்ணி என்ன என்று கேட்டேன். மனைவி தன் ஆர்டரை உடனே சொன்னார். கணவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "நுரையீரல்ல கிருமி வந்து ஆஸ்பத்திரியில கிடந்தாரு. வீட்டுக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. உடம்பு நல்லாத்தான் இருக்கு, எதைக் கேட்டாலும் முழிக்கிறாரு. எல்லாம் நடிப்பு" என்றார். கணவர் தலை குனிந்தார். அந்த நேரம் பார்த்து அந்த அம்மா சொன்ன ஆர்டர் என் தலையிலிருந்து கழன்றுகொண்டது.

கூட்டம் அதிகம் என்று சொல்லியிருக்கலாம். கடையில் இருந்ததே இரண்டு மேசை. கல்லாவில் ஜமால் பாய் என்னையே பார்க்கிறார். "நடிப்பு இல்லக்கா," என்றேன். "எனக்கு எலிக் காய்ச்சல் வந்துச்சு. நீங்க இப்ப சொன்னதே எனக்கு மறந்துபோச்சு. கிருமி போனாலும் மூளை உடனே சரியாகுறதில்லையாம். டாக்டர்கிட்ட இதைச் சொல்லி இவரைக் காட்டுங்க." அந்த அம்மா முதலில் காலைத் தூக்கி மேசைக்கு அடியில் பார்த்தார். "ஆத்துலக்கா, இங்க இல்ல" என்றேன். கணவர் மட்டும் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கும் வார்த்தை நழுவுதா?" நழுவுது அங்கிள் என்றேன். அந்த அம்மா அவர் கையைத் தொட்டு, "மெதுவா சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். கோப்பி ஓ என்று சொல்ல அவருக்கு ஒரு நிமிடம் ஆனது. நான் கத்தினேன்.

அவர்கள் போனதும் ஜமால் பாய் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். ஐந்து நாள் தட்டு கழுவினேன். ஆறாம் நாள் அதே அங்கிள் வாசலில் நின்று, நிறைந்த கடைக்குள் கத்தினார்: "எலிக் காய்ச்சல் தம்பி எங்க? அவன் வந்தாத்தான் ஆர்டர் கொடுப்பேன்!"

மேசைக்குத் திரும்பிவிட்டேன், இனிமேல் எலி பேரை எடுக்காதே என்று ஜமால் பாய் மறுபடியும் சொன்னார், அது மறந்துபோய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், நன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டுதான் அடுத்த மேசையிலும் சொன்னேன்.