மண்டபத்துக் கோமாளி மீன்கள்

ராஜபாளையத்தில் இருந்துகொண்டு கடல்வாழ் உயிரியல் படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று என் சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். கவலைப்பட்டார்கள் என்பதைவிட, ஆவலாகக் காத்திருந்தார்கள் என்று சொல்லலாம். "மேக்க பாத்தா மலை, கெழக்க பாத்தா மில்லு. இவ கடலப் படிச்சுட்டு வந்து நிக்கா" என்பார் சித்தப்பா.

தூத்துக்குடியில் படிப்பை முடித்து வீட்டில் உட்கார்ந்த எட்டாவது மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டியிருந்தவர் ஆள் விட்டார். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயரானவர். அக்கம்பக்கத்து மண்டபங்களில் இல்லாத ஒன்று தன் மண்டபத்தில் இருக்க வேண்டும் என்று, வாசலை ஒட்டி ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி வைத்துக் கடல் மீன்களை விட்டிருந்தார். பாதி செத்துப்போயின.

"தண்ணி குறையக் குறைய உப்பத்தான் கரைச்சு ஊத்துதோம். பொறவும் சாகுதுக" என்றார் மண்டப மேனேஜர்.

"என்ன உப்பு?"

"சாம்பாருக்குப் போடுற உப்புதான்."

சமையல் உப்பு கடலாகாது என்பதைச் சொன்னேன். தண்ணீர்தான் ஆவியாகிப் போகும், உப்பு தொட்டியிலேயே நிற்கும், அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றினால் போதும் என்றேன்.

சுபேதார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கடலுக்கு நல்ல தண்ணி ஊத்தச் சொல்லுதியா?"

"மழ அதத்தான சார் செய்யுது?"

அன்றைக்கே வேலை கிடைத்தது.

மிஞ்சியிருந்த மீன்களும் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. தண்ணீரை மாற்றி, அதில் நல்ல நுண்ணுயிர்கள் பெருகட்டும் என்று ஒரு மாதம் எதையும் விடாமல் தொட்டியைப் பழகவிட்டேன். சும்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆளா என்று மேனேஜர் கேட்டார். பிறகு மூன்று கோமாளி மீன்களும் ஒரு கடல் சாமந்தியும் வந்தன. சாமந்தி என்று பெயர்தானே தவிர அது பூவல்ல, விலங்கு. விரல் விரலாக ஆடும் அதன் கொடுக்குகள் மற்ற மீன்களைக் கொட்டும். கோமாளி மீனின் மேல் இருக்கும் வழவழப்பால் அதை மட்டும் கொட்டாது. மீனுக்குப் பாதுகாப்பான வீடு. சாமந்திக்கு மீன் சிந்தும் சாப்பாடு.

"ஒரு சுறாக்குட்டியும் போட்டுருவமா?" என்றார் சுபேதார்.

"போடலாம் சார். ரெண்டு நாள்ல சுறாக்குட்டி மட்டும் இருக்கும்."

அந்த யோசனையைக் கைவிட்டவர், அடுத்த வாரம் தொட்டிக்கு மேலே ஒரு போர்டு மாட்டினார்: 'இல்லறத்துக்கு எடுத்துக்காட்டு'. பெரிய மீன் மாப்பிள்ளை, நடு மீன் பொண்ணு, பொடி மீன் பிள்ளை என்று வருகிறவர்களிடம் அவரே விளக்கம் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், பெருசுதான் பொம்பள. நடுவுல உள்ளது புருஷன். பொடிசு அதுகளுக்குப் பிள்ளையும் இல்ல, வரிசையில நிக்கிற ஆளு. பொம்பள செத்தா புருஷன் பொம்பளையா மாறிரும். பொடிசு வளந்து அதுக்குப் புருஷனாயிரும்."

அவர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொல்லாதம்மா. முகூர்த்தமெல்லாம் கேன்சலாயிரும்."

நான் சொல்லவில்லை. ஆனால் ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பூ அலங்காரம் செய்தவர்கள், சரம் கட்டுவதற்காகத் தொட்டியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். காலையில் நான் வந்தபோது பெரிய மீன் தரையில் செத்துக் கிடந்தது.

"மாப்பிள்ள போயிட்டானே!" என்று தலையில் கைவைத்தார் சுபேதார். மாப்பிள்ளை வீட்டார் தேவதானத்திலிருந்து வேனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அபசகுனம் தெரியாமலிருக்கத் தொட்டியின் மேல் ஒரு பட்டு வேட்டியைப் போர்த்தினார். சாவு வீட்டைத் திரை போட்டு மறைத்தது போலிருந்தது. வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் பார்த்தார்கள்.

கல்யாணப் பெண்ணே அலங்காரத்தோடு வந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்தாள். "அக்கா, மூணுன்னாக. ரெண்டுதான் இருக்கு?"

பொய் சொல்ல வரவில்லை. நடந்ததையும், இனி நடக்கப்போவதையும் சொன்னேன். அவள் பயப்படவில்லை. கண்ணாடியில் மூக்கு படாத குறையாகக் குனிந்து பார்த்தாள்.

"இதுகளுக்கு மாமியார், நாத்தனாரெல்லாம் உண்டா?"

"கெடையாது. குஞ்சு பொரிச்ச ஒடனே நீரோட்டம் இழுத்துட்டுப் போயிரும். சொந்தம்னு ஒண்ணுகூட பக்கத்துல இருக்காது."

"குடுத்து வச்சதுக" என்று சொல்லிவிட்டு மணவறைக்குப் போனாள்.

அவ்வளவு நாளும் நான் புத்தகத்தில் மட்டும் படித்திருந்த மாற்றத்தை அடுத்த மாதங்களில் கண்ணால் பார்த்தேன். நடு மீன் பெருத்து, பொடி மீனை விரட்டி அதட்டத் தொடங்கியது. சுபேதார் பட்டாளத்தில் எதற்கும் கலங்காதவராம். தினமும் காலையில் வந்து, "நெசமாவே மாறிருமா?" என்று என்னிடம் கேட்பார். நெசந்தான் என்று சொன்னால் முகம் சுண்டிவிடும். ஒருநாள் போர்டைக் கழற்றிச் சமையல்கட்டில் சாத்தி வைத்தார்.

தை மாதம், சாமந்தியின் அடியிலிருந்த கல்லில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் தெரிந்தன. பொடி மீனாக இருந்தது இப்போது தகப்பன். நகராமல் நின்று, துடுப்பால் விசிறி, வாயால் துடைத்து முட்டைகளைப் பார்த்துக்கொண்டது. பெரியது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. சுபேதாரின் மனைவி கேள்விப்பட்டு வந்தார். அதுவரை மண்டபத்துக்குள் அவர் வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் பார்த்தார்.

"எனக்கு மூணு பிரசவம். அவிய மூணுக்கும் லீவு கெடைக்கலன்னாக" என்றார் என்னிடம், கணவருக்குக் கேட்கும்படியாக.

சுபேதார் அன்று மாலை மண்டபம் பார்க்க வந்த ஒரு குடும்பத்திடம் தொட்டியைக் காட்டி, "இவன்தான் தகப்பன். ராப்பகலா சென்ட்ரி டூட்டி பாக்குதான். பட்டாள ஒழுங்கு!" என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாள் பின்னால் நின்று சிரித்தார்.

ஒரு வாரம் கழித்துக் குஞ்சுகள் பொரிந்தன. கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள்தான் அவற்றுக்குத் தீனி. அது எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் கிடையாது. இரண்டே நாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடலிலும் பெரும்பாலானவை மற்றவற்றுக்கு இரையாகத்தான் போகும் என்று சுபேதாரிடம் சொன்னேன். அவர் குனிந்து, முட்டைகள் இருந்த கல்லைப் பார்த்தார்.

"அந்தத் தீனிய நம்மளே வளக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் சார்."

"என்னென்ன வேணும், எழுதிக் குடு" என்றார்.