பிஎச்பி அண்ணன் எழுதிய ஒப்பீடு

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் எஸ்பிஎம் பரீட்சையோடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் கூடிய இடத்தில் பெயரைக் கேட்டாலே குரல் உள்ளே போய்விடும். நிரல் எழுதவும் எனக்குத் தெரியாது. எழுதுகிறவர்களோடு ஒரே அறையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த வெள்ளைப் பலகை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் பழையது, வலப்பக்கம் புதியது. பழையதன் குறைகள்தான் முதலில் நிறைந்திருந்தன. அவற்றை எழுதியவர் அந்தப் பழையதைத் தன் கையால் கட்டியவர்.

ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரின் தொழிற்சாலை ஆட்கள் வேலைக்கு வரும் பேருந்தில் இடம் பதிவு செய்ய ஒரு இணையச் செயலி. அதுதான் எங்கள் சோறு. அதை முழுவதும் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியவர் அண்ணன். ஐம்பதைத் தாண்டியவர். தினமும் செபராங் ஜெயாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, கடலைக் கடக்கப் பெரிப் படகு ஏறி, எங்களுக்கு முன்னால் அலுவலகத்தைத் திறந்திருப்பார். எல்லாரும் அவரை ‘பிஎச்பி அண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். தொழிற்சாலைகளின் அழைப்புகளை எடுப்பதும், அண்ணன் எழுதும் பக்கங்களை வெளியே விடுமுன் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்ப்பதும் என் வேலை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு பக்கத்தை என்னிடம் கொடுக்கும்போது அதன் குறையைத்தான் முதலில் சொல்வார். “இந்தா, தேதிய ரெண்டு தடவ மாத்துனா இது சண்டித்தனம் பண்ணும், பாரு.” வாடிக்கையாளர் முன்னாலும் அப்படியே பேசுவார். முதலாளி முகம் கறுத்துப்போகும்; அவரை ‘போஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். “நம்ம வீட்டுக் குறைய நாமதான் சொல்லணும்லா. அடுத்தவன் வந்து சொன்னா அசிங்கம்” என்பார் அண்ணன்.

ஒரு நாள் போஸ் வந்து, எல்லாரும் இப்போது ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழிக்கு மாறுகிறார்களே, நாமும் மாறலாமா என்று கேட்டார். அண்ணனைவிட வயதில் சின்னவர். “நீங்களே ரெண்டையும் வச்சுப் பாத்துச் சொல்லுங்கண்ணே” என்றார். அண்ணனுக்கு அது பெரிய மரியாதையாகப் பட்டது. புதியதைத் தானே படித்து, அதே பதிவுப் பக்கத்தை அதில் ஒரு முறை கட்டினார். பலகையில் கோடு போட்டு இரண்டின் நிறை குறைகளையும் எழுதினார். நான் இரண்டையும் அமுக்கிப் பார்த்தேன்.

“ரெண்டுக்கும் என்னண்ணே வித்தியாசம்?”

“நீ நாசி கண்டார் கடையில சாப்பிடுவதானே? பழசுல, கடைக்காரரே சோறு போட்டு, கறி வச்சு, குழம்பு ஊத்தி, முழுத் தட்டா குடுத்திருவாரு. ஆனா இன்னும் ஒரு கரண்டி குழம்பு வேணும்னா? அந்தத் தட்ட வச்சிட்டுப் புதுத் தட்டுதான் வாங்கணும். புதுசுல, தட்டு உன் மேசையிலேயே இருக்கும். குழம்பு மட்டும் வந்து விழும். தட்டுங்கிறது பக்கம்லா.”

“அப்ப புதுசுதான் நல்லதா?”

“முதல் தட்டு வர லேட்டாகும். போன் பழசா இருந்தா திணறும். அதையும் எழுதியிருக்கேன்லா.”

“உங்க கடைய நீங்களே மூடுறீங்கண்ணே.”

“ஏய், சமையலத்தான் மாத்துறோம். சமையல்காரன் அதே ஆளுதான்” என்று சிரித்தார்.

இடப்பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘இது இங்கே ஒருவருக்குத்தான் தெரியும். புதியது தெரிந்த இளைஞர்கள் எளிதாகக் கிடைப்பார்கள்.’ அதைப் படித்ததும் பலகை துடைப்பானைக் கையில் எடுத்தேன். இந்த வரி வேண்டாம் அண்ணே, அழித்துவிடுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். “உண்மைதானே? நாளைக்கு நான் ரோட்டுல அடிபட்டுக் கெடந்தா என்ன செய்வீங்க? அது பெரிய குறைலா” என்றார்.

கூட்டத்தில் போஸ் வேறு எந்த வரியையும் படிக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். “அண்ணனே சொல்லிட்டாரு” என்றார். அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. “மூணு மாசம் குடுங்க போஸ், எல்லாத்தையும் நானே மாத்திடுறேன். ஒரு பேஜ் ஏற்கெனவே ஓடுது” என்றார். அவருடைய கடைசி மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். போஸ் சிரித்த முகமாகவே, “ஏண்ணே இந்த வயசுல கஷ்டப்படுறீங்க? பிள்ளைங்க ஈசியா கிடைப்பாங்கன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க” என்றார். அதோடு அண்ணன் வேலை போயிற்று.

இரண்டு மொழிகளை ஒப்பிடச் சொன்னதாக அண்ணன் நினைத்தார். போஸ் ஒப்பிட்டது இரண்டு சம்பளங்களை, அவருடையதையும் இளைஞர்களுடையதையும். எனக்கு ஆறாதது இன்னொன்று: அவர் எழுதியது அத்தனையும் சரி. புதியது உண்மையிலேயே நன்றாக ஓடுகிறது. அது கெட்டுக் குட்டிச்சுவராகியிருந்தால் அவரைப் பற்றிப் பேசவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். சரியாகச் சொன்னதால் அவரைப் பற்றிப் பேச்சே எழாமல் போயிற்று.

இப்போதும் வருடத்துக்கு ஒரு முறை புதிதாக ஏதாவது வருகிறது. அவருக்குப் பிறகு வந்த பையன்கள் பலகையில் கோடு போட்டு, இதுவா அதுவா என்று கத்துகிறார்கள். அவரவர் எழுதியதற்குக் கீழே குறை என்று ஒன்றும் இருக்காது. அண்ணன் கதை அவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் புத்திசாலிகள்.

போன தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். வாடகைக் கார் ஓட்டுகிறாராம். முடி முழுக்க நரைத்திருந்தது. குடும்பத்தைப் பற்றி நான் கேட்குமுன், “புதுசு எப்படி ஓடுது?” என்றார்.

“நல்லா ஓடுதுண்ணே.”

“நான் சொன்னேன்ல” என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அவர் வேலையை விட்ட நாளில் விருந்து, பேச்சு என்று ஒன்றும் நடக்கவில்லை. எல்லாருக்கும் கறிபப் பலகாரம் வாங்கி வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மறுநாள் காலை பிறையில் ஒரு தொழிற்சாலையிலிருந்து, பக்கம் திறக்கவில்லை, அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று போன் வந்தது. அண்ணன் லீவு என்று சொல்லி வைத்தேன்.