காத்திருக்க எண் ஏழை அழுத்தவும்

உத்தமபாளையத்தில் உள்ள ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனியில் நான் நெட்வொர்க் இன்ஜினியர். சின்னமனூரிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் எங்கள் ஃபைபர் கேபிள் கம்பம் கம்பமாகத் தொங்கிக்கொண்டு போகும். அது அறுந்தால் ஒட்டுவதும், அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. மிச்ச நேரத்தில் கீபோர்டு வாசிப்பேன்.

ராயப்பன்பட்டியில் தேவாலயப் பாடகர் குழு புதுக் கீபோர்டு வாங்கியபோது பழையதை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டு மாடி வெக்கையில் அதன் கட்டைகள் ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தன. எனக்குத் தெரிந்து நாள் முழுக்க ஏசி ஓடும் இடம் ஒன்றே ஒன்றுதான், ஆபீஸ் சர்வர் ரூம். அங்கே கொண்டுபோய் ராக்குகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன். ராக்கில் இருக்கும் காற்றாடிகள் எல்லாம் சேர்ந்து எந்நேரமும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். அந்தச் சுருதி ஒன்றரைக் கட்டையும் இல்லை, இரண்டு கட்டையும் இல்லை, நடுவில் எங்கோ நின்றது. காற்றாடிகளை மாற்ற முடியாது என்பதால் கீபோர்டை அதற்குச் சேர்த்துக்கொண்டேன்.

ஒருநாள் வாசிக்கும்போது சுருதி சேரவே இல்லை. கீபோர்டில்தான் கோளாறு என்று அரை மணி நேரம் அதைத் திருகிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் ராக்கில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்சின் காற்றாடி சாகக் கிடந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்கென்றே நாங்கள் வாங்கி வைத்திருந்த சாஃப்ட்வேர் மறுநாள்தான் கண்டுபிடித்தது. அதன்பிறகு எங்கள் மேனேஜர் மேடம் கீபோர்டைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. மேலிடத்திலிருந்து யாராவது வந்து இது என்ன என்று கேட்டால், ஃபேன் டெஸ்டர் என்று அவரே சொல்லிவிடுவார்.

மேடத்துக்கு இசை ஞானம் கிடையாது. எல்லாப் பாட்டும் தனக்கு ஒன்றுதான் என்று அவரே சொல்வார். ஆடிக் காற்று தொடங்கிய ஒரு வாரத்தில் அவர் என்னைக் கூப்பிட்டார். காற்றில் தினமும் பத்து இடத்தில் கேபிள் அறுந்துகொண்டிருந்தது. ஹெல்ப்லைனில் காத்திருக்கிறவர்களுக்கு ஒரு பொம்மைக்காரில் வரும் இசை போன்ற ஏதோ ஒன்று ஓடும். அதைக் கேட்டுவிட்டுப் பேச வருகிறவர்கள் எடுத்த எடுப்பிலேயே வைகிறார்கள் என்பது மேடத்தின் கணிப்பு.

"நல்லதா ஒண்ணு போடுங்க தம்பி. சினிமாப் பாட்டு வேண்டாம், கேஸ் போட்டுருவாக" என்றார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து நாலு நிமிஷத்துக்கு ஒரு மெட்டுப் போட்டேன். அது சாதாரண வேலை இல்லை. ஃபோன் லைன் மனிதர்கள் பேசுவதற்காகச் செய்தது. அடித்தொண்டைச் சுரங்கள் அதில் பாதி வழியிலேயே செத்துவிடும். நீளமாக ஒரே சுரத்தைப் பிடித்தால், இது இரைச்சல் என்று நினைத்துக்கொண்டு ஃபோனே அதைத் துடைத்துவிடும். அதனால் யாரோ ஏதோ சொல்லவருவதுபோலச் சின்னச் சின்னதாக, இடைவெளி விட்டு விட்டு எழுதினேன். மெட்டு கேள்வி கேட்டுக்கொண்டே போய், கடைசி அரை நிமிஷத்தில் நிதானமாக இறங்கிப் பதில் சொல்லி அமரும். அந்த இறக்கத்துக்காக மட்டும் மூன்று மணி நேரம் செலவழித்தேன். திங்கட்கிழமை காலையில் சிஸ்டத்தில் ஏற்றிவிட்டு அதை மறந்துவிட்டேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து லோயர் கேம்பில் ஒரு தென்னை மட்டை விழுந்து லைன் போயிற்று. நான் ஏணியில் நின்று ஒட்டிக்கொண்டிருந்தபோது என்னுடைய மெட்டு கேட்டது. முதலில் என் மண்டைக்குள் ஓடுகிறது என்று நினைத்தேன். பிறகு நாற்பது விநாடிக்கு ஒருமுறை வரும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்" என்ற பெண் குரலும் கேட்டது. எதிரே இருந்த டீக்கடையில் மாஸ்டர் தன் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, ஒரு காலி எவர்சில்வர் போணிக்குள் நிற்கவைத்திருந்தார். சத்தம் கணீரென்று வந்தது. குமுளிக்கு ஏறவேண்டிய ஜீப் டிரைவர்கள் நாலு பேர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றிருந்தார்கள்.

நான் இறங்கிப் போய் லைன் சரியாகிவிட்டது, இனி ஃபோனை வைத்துவிடலாம் என்றேன்.

"செத்த இருங்க சார்" என்றார் மாஸ்டர். "இந்த எடம் முடியட்டும்."

ஒரு மலையாளி டிரைவர் "கொள்ளாம்" என்று ரசித்துத் தலையாட்டினார். மூன்று நிமிஷம் தாண்டியபோது எங்கள் ஆபீஸ் பெண் ஃபோனை எடுத்து வணக்கம் சொன்னாள். ஐந்து பேரும் ஏமாந்துபோய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மாஸ்டர், "ஒண்ணுமில்ல ஆத்தா, நெட்டு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டு மறுபடி அதே நம்பரை அழுத்தினார்.

ஆபீஸுக்கு வந்து கணக்கைப் பார்த்தேன். அழைப்புகள் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தன. பாதிக்கு மேல் "புகார் எதுவும் இல்லை" என்று முடிக்கப்பட்டிருந்தன. ஹெல்ப்லைனில் இரண்டு பெண்கள் உண்டு. அதில் மூத்தவள் ராயப்பன்பட்டிக்காரி, அங்கே பாடகர் குழுவில் பாடுகிறவள். சீக்கிரம் எடுத்தால் திட்டுகிறார்கள், திரும்பவும் காத்திருப்பில் போடு என்று கெஞ்சுகிறார்கள், நாங்கள் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவள் என்னிடம் சண்டைக்கு வந்தாள். எல்லாரையும்விட மோசம் ராயப்பன்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை போட்டிருக்கும் ஒரு விவசாயியாம். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மோட்டார் ரூமில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துவிட்டுப் பந்தலுக்கு மருந்தடிக்கப் போய்விடுவாராம். இவள் எடுத்து ஹலோ ஹலோ என்று கத்தினால், மோட்டார் சத்தம்தான் பதில் சொல்லுமாம்.

எனக்கு உள்ளுக்குள் பூரிப்பாக இருந்தது. அதை வெளியே காட்டாமல், இது கடுமையான பிரச்சினைதான் என்றேன்.

ஆனால் ஒரு விஷயம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சிஸ்டத்தில் யாரையும் மூன்றரை நிமிஷத்துக்கு மேல் காக்கவைக்க முடியாது. அதற்குள் யாராவது எடுப்பார்கள், இல்லாவிட்டால் லைன் தானாகக் கட்டாகிவிடும். அப்படியானால் நான் மூன்று மணி நேரம் உழைத்த அந்தக் கடைசி அரை நிமிஷத்தை உலகத்தில் யாருமே கேட்டதில்லை. மூன்றரை நிமிஷம் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்கப் பதிலுக்காகத் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு பொம்பளை பாடுவாள் என்று கூடலூரில் ஒரு பேச்சு. இல்லை, கடைசியில் நெட்டுக்கு ஒரு மாசம் தள்ளுபடி சொல்வார்கள் என்று கம்பத்தில் ஒரு பேச்சு.

ஆவணியில் எங்கள் லைன்மேனின் தங்கைக்குப் பண்ணைப்புரத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு பேண்டு செட் வந்திருந்தது. இரண்டு பாட்டு முடிந்ததும் கிளாரினெட் வாசிக்கிற மாஸ்டர் கண்ணைக் காட்ட, அவர்கள் என் மெட்டை எடுத்தார்கள். நாற்பது விநாடி ஆனதும் கிளாரினெட் நின்றது. டிரம்பெட்காரர் முன்னால் வந்து "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்பதை ஏற்ற இறக்கம் மாறாமல் அப்படியே ஊதினார். வார்த்தை இல்லையே தவிர, அது அந்தப் பெண்ணின் குரலேதான். மறுபடி மெட்டு, மறுபடி டிரம்பெட். மூன்று நிமிஷம் போனதும் ஒரு தாளத்தின் நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்தி, வாத்தியங்களை வாயிலிருந்து எடுத்து, ஆறு பேரும் ஒரே குரலில் "வணக்கம்" என்றார்கள். கூட்டமும் திருப்பி வணக்கம் சொன்னது. மாப்பிள்ளை காரில் இருந்தபடியே கும்பிட்டார்.

நான் பேண்டு மாஸ்டரிடம் போய், அது என் மெட்டுதான் என்றும், அங்கே நிறுத்தக்கூடாது, இன்னும் இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா அது? ஒண்ணரைக் கட்டையும் இல்லாம ரெண்டும் இல்லாம நடுவுல அங்கன போயி எதுக்கு உக்காந்தீக? என் ஆளுக ஒரு வாரம் கெடந்து அல்லாடுனாக."

காற்றாடியின் சுருதி என்று விளக்கினேன். அவர் அதை நம்பவில்லை. இன்னும் இருக்கிறது என்று நான் சொன்ன முடிவையும் நம்பவில்லை. அங்கேதான் அந்தப் பொண்ணு எடுக்கும், அதுதான் பாட்டு என்று முடித்துக்கொண்டார்.

இதற்கிடையில் உண்மையிலேயே லைன் போனவர்களுக்கு எங்கள் ஹெல்ப்லைன் கிடைக்காமல் ஆயிற்று. ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் நெட் இல்லை. அவர்கள் கூப்பிட்டபோதெல்லாம் மெட்டுக் கேட்பவர்களின் வரிசை முன்னால் நின்றது. தலைமை ஆபீஸிலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். எங்கள் கிளையில்தான் வாடிக்கையாளர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், எங்கள் கிளைக்குத்தான் அதிக ஸ்டார் கொடுத்திருந்தார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும் என்பது அவர் கேள்வி. மேடம் விளக்கியதும், தானே சோதிப்பதாகச் சொல்லி தன் ஃபோனிலிருந்து ஹெல்ப்லைனுக்கு அழைத்துக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். பக்கத்து அறையில் இருந்த பெண் எடுத்ததும் துண்டித்துவிட்டு மறுபடி அழைத்தார். நாலாவது தடவைக்குப் பிறகு திரும்பி வந்து, இது ஒழுங்கீனம், இன்றைக்கே எடுத்துவிடுங்கள் என்றார்.

எடுத்தோம். பொம்மைக்கார் இசை திரும்ப வந்தது. மூன்றாம் நாள் திராட்சைக்காரர் ஆபீஸுக்கே வந்துவிட்டார். மருந்து படிந்த சட்டையோடு, கையில் எங்கள் மோடம். அதை மேடத்தின் மேசையில் வைத்து, இது எனக்கு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் மோடத்தோடு நின்றார்கள். நெட்டில் என்ன குறை என்று மேடம் கேட்டார். நெட்டில் குறையே இல்லை என்றார் அவர்.

மேடம் அன்றைக்குச் செய்ததுதான் நான் பார்த்ததிலேயே பெரிய நெட்வொர்க் டிசைன். புகார் சொல்கிறவர்கள் ஒரு வரிசை, காத்திருக்கிறவர்கள் ஒரு வரிசை என்று பிரித்துவிட்டார். புகாருக்கு எண் ஒன்று, புது இணைப்புக்கு எண் இரண்டு, காத்திருக்க எண் ஏழு. ஏழில் என் மெட்டு ஓடும், யாரும் எடுக்கமாட்டார்கள், லைனும் கட்டாகாது. "எண் ஏழை அழுத்தவும்" என்று பதிவுசெய்தபோது, ஏழையை அழுத்தச் சொல்வதுபோல் கேட்கிறது என்று தலைமை ஆபீஸ் ஆட்சேபித்தது. மேடம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரே கனவு. இனி என் முடிவை எல்லாரும் கேட்பார்கள். இரண்டு நாள் பொறுத்துத் திராட்சைக்காரருக்கு நானே ஃபோன் செய்து, அண்ணே, முழுசாகக் கேட்டீர்களா என்றேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசினார். "கேட்டேன் தம்பி. முடிவு சரியில்ல."

ஏன் என்று கேட்டேன்.

"எடுப்பாகளோ எடுக்க மாட்டாகளோன்னு ஒரு இது இருந்துச்சு பாருங்க, அது போச்சு. அது பாட்டுக்கு எறங்கி வந்து உக்காந்துக்குது. அந்தப் பொண்ணு வணக்கம் சொல்ற எடந்தான் முடிவு."

இரண்டு நாள் கீபோர்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் என் பழைய பதிவையும், ஹெல்ப்லைனில் பதிவாகியிருந்த ராயப்பன்பட்டிப் பெண்ணின் வணக்கங்களையும் வரிசையாகப் போட்டுக் கேட்டேன். பாடுகிற பிள்ளை அல்லவா, அவளுடைய வணக்கம் மூன்று சுரமாக இறங்கி, என் மெட்டு தொங்கிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றது. நான் அரை நிமிஷம் எடுத்துச் சொன்ன பதிலை அவள் ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டுப் புதிதாகப் பதிவுசெய்யப் பார்த்தேன். மைக்கைப் பார்த்ததும், தேவாலயப் பூசையில் வாசகம் வாசிப்பதுபோல் விறைப்பாகச் சொன்னாள். முப்பது தடவை சொல்லியும் வரவில்லை. கடைசியில் திராட்சைக்காரரையே ஹெல்ப்லைனுக்கு அழைக்கச் சொல்லி, அவள் கடுப்போடு எடுத்துச் சொன்ன வணக்கத்தைப் பிடித்து, என் முடிவை வெட்டி எறிந்துவிட்டு அங்கே ஒட்டினேன். மூன்று மணி நேர உழைப்பை அழிக்க ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். இப்போது சரியாக இருக்கிறது என்றார். பேண்டு மாஸ்டரும் யாரிடமோ அப்படியே சொல்லி அனுப்பினார். அதோடு ஏழாம் எண்ணுக்கு வரும் அழைப்புகள் குறைய ஆரம்பித்தன. கார்த்திகைக்குள் தினமும் இரண்டு மூன்று என்றாகி, பிறகு நின்றே போயின. பாட்டு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். தலைமை ஆபீஸ் மேடத்துக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. நான் மட்டும் நாளுக்கு ஒரு தடவை ஏழை அழுத்தி, யாருமில்லாத வரிசையில் முதல் ஆளாக நின்று கேட்டுவிட்டு வைப்பேன்.

தையில் ஒருநாள் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது திராட்சைக்காரரைப் பார்த்தேன். பந்தலுக்குக் கீழே குனிந்தபடி கொடிகளை வெட்டிக் கவாத்து செய்துகொண்டிருந்தார். நெட் எப்படி இருக்கிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். எட்டு நாளாக இல்லை என்றார். பதறிப்போய், ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஃபோன் போட்டா உடனே எடுத்துர்றாக தம்பி" என்றார் அவர். "மனசே வரல."

நான் வண்டியிலிருந்து ஏணியை இறக்கினேன். கேபிள் கொடியோடு கொடியாகப் பின்னிக் கிடந்தது. அணில் கடித்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரமாயிற்று. நான் ஒட்டி முடிக்கும்வரை அவர் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்திலேயே பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்.