மாம்பலத்துத் தண்ணீரும் நான் போட்ட மின்தடையும்

போன சனிக்கிழமை ஒரு துண்டு சவ்வுக்காக அடையாறிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் வரை போனேன். தண்ணீர் சுத்திகரிப்பைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்ப்பது என் வேலை. மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்ககத்துக்கு எலக்ட்ரோடயாலிசிஸ் மிஷினைச் சிபாரிசு செய்தவன் நான்தான். அது போர்வெல் தண்ணீரின் உப்பை மின்சாரத்தால், பிளாஸ்டிக் தாள் போன்ற சவ்வுகள் வழியே இழுத்துவிடும். ஆனால் நான் கணக்குப் போட்டுச் சொன்ன அளவில் பாதிதான் நல்ல தண்ணீர் வந்தது. மிஷின் செய்த மூர்த்தி மேல்தான் தப்பு என்று அடுக்ககத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியும்விட்டேன். மிஷினைக் கழற்றுவதா என்று முடிவு செய்ய அன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம்.

காலை 9.10க்கு பஸ். தி.நகர் வரை 6 கி.மீ., பதினைந்து ரூபாய். மாம்பலம் ஸ்டேஷன் மேம்பாலத்தைக் கடந்து அடுக்ககத்துக்குப் பதினைந்து நிமிட நடை. மூர்த்தியிடம் அளந்து பார்ப்பதற்காக மிஷினிலிருந்து எடுத்த சவ்வுத் துண்டை நான் பேப்பரில் சுற்றப் போக, அசோசியேஷன் செயலாளர் ஜானகி மாமி டிபன் டப்பாவை நீட்டினார்.

"காஞ்சு போயிடப் போறது. இதுல நம்ம போர் தண்ணியே விட்டிருக்கேன்."

அசோக் நகர் மெட்ரோவுக்கு ஆட்டோ அறுபது ரூபாய். அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கல் ஒரே ஸ்டேஷன், பத்து ரூபாய். பதினொரு மணிக்கெல்லாம் மூர்த்தியின் பட்டறையில் இருந்தேன், குற்றம் கண்டுபிடிக்கிற தோரணையோடு.

அவரிடமும் அதே சவ்வில் ஒரு துண்டு, கெட்டியான உப்புக் கரைசலில் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டின் மின்தடையையும், அதாவது மின்சாரத்தை எவ்வளவு தடுக்கின்றன என்பதை, அளந்தார். அவருடையது, சவ்வு விற்றவர்கள் அச்சடித்த எண்ணோடு அப்படியே பொருந்தியது. டப்பாவில் இருந்தது கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

"இன்னா சார், கெட்டி உப்புத் தண்ணில எடுத்த நம்பர அப்டியே மாம்பலம் தண்ணிக்கும் போட்டுக்கீறியே?"

உப்பு குறைந்த தண்ணீரில் ஊறிய சவ்வு மின்சாரத்தைச் சுலபத்தில் விடாது. படித்ததுதான். ஆனாலும் அச்சிட்ட எண்ணையே கணக்கு முழுக்கப் போட்டிருந்தேன். அங்கேயே லேப்டாப்பில் மாற்றிப் போட்டேன். கணக்கிலும் பாதித் தண்ணீர்தான் வந்தது. வெட்கமாக இருந்தது. மூர்த்தி டீ வாங்கித் தந்தார். குடித்தேன். வாட்ஸ்அப் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

கூட்டத்தில், தப்பு என் கணக்கில்தான் என்று ஒப்புக்கொண்டேன். வருகிற தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் போதும் என்று மிஷினை வைத்துக்கொண்டார்கள்.

இதே வேலையாகப் போகிறவர்கள் சவ்வை உங்கள் தண்ணீரிலேயே ஊறவைத்து, ஈரம் காயாமல் எடுத்துப் போங்கள். அளந்த பிறகு கணக்குப் போடுங்கள். யார் மேல் தப்பு என்பதை அதற்கும் பிறகு எழுதுங்கள்.

டப்பாவைத் திருப்பிக் கொடுத்தபோது மாமி கேட்டார்: "குரூப்புல அவர் மேல தப்புன்னு எழுதினத அந்த மூர்த்திகிட்ட சொன்னேளா?"

திங்கட்கிழமை காலை மறுபடியும் அதே மெட்ரோ. பத்து ரூபாய்.