புதன்கிழமைத் தவணை வெள்ளிக்கு மாறியது

எங்கள் கடன் குழுவில் ஐந்து பெண்கள். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். பாண்டியம்மாள் அக்கா ஆடு வாங்கி விற்பவர்.

வாராவாரம் தவணை புதன்கிழமை. அய்யலூர் ஆட்டுச் சந்தையோ வியாழக்கிழமை. மறுநாள் நல்ல விலைக்குப் போகவேண்டிய குட்டியை, தவணைக்காக முதல் நாளே அக்கா வாசலுக்கு வரும் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிடுவார்.

இன்று தவணை வாங்க வந்த கடன் கம்பெனித் தம்பியிடம் அக்கா கேட்டேவிட்டார்.

"ஏந்தம்பி, வெள்ளிக்கிழமை வாங்குனா ஆகாதா? சந்தை முடிஞ்சா கையில காசு இருக்கும்ல?"

"ஒருத்தருக்காக மாத்த முடியாதுக்கா. கம்பெனி ரூல்ஸ்."

"அப்ப அஞ்சு பேருக்கும் மாத்துங்க," என்றேன் நான். மற்ற மூவரும் எடுத்த பணத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள்.

தம்பி எங்களை ஒருமுறை பார்த்தார். "செத்த இருங்கக்கா, மேனேஜர்ட்ட கேக்குறேன்."

வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார். "சரிக்கா, வெள்ளிக்கிழமையே வாரேன்."

குட்டிக்கு விலை பேச வந்திருந்த வியாபாரியிடம் அக்கா சொன்னார்: "நாளைக்குச் சந்தைக்கு வாங்கண்ணே. அங்க பேசிக்குவோம்."

ஒருவருக்கொருவர் ஜாமீன் என்று எங்கள் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியது கம்பெனிதான். இப்படியும் ஜாமீன் நிற்போம் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

உங்கள் குழுவில் தவணை என்றைக்கு?