முதுகில் விழுந்த வெயில்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. தஞ்சாவூரில் ஒரு பொம்மைப் பட்டறையில் வர்ணம் பூசிக்கொண்டிருந்தேன். அம்மா திருவாரூர் பக்கத்தில் எங்கள் ஊரில் நடவு வேலை செய்பவள். ஆட்சி மாறியிருந்த புதிது. கூலித் தகராறில் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. கேட்டதைக் கொடுக்காமல் நடவுக்கு இறங்க மாட்டோம் என்று எங்கள் தெருப் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா முன்வரிசையில்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கப் பொருட்காட்சிக்காகப் பட்டறைக்கு ஒரு ஆர்டர் வந்தது. நடவு வயல். விரல் உயரத்தில், குனிந்த நிலையில் முப்பது பெண்கள். வரப்பில் குடை பிடித்தபடி ஒரு மிராசுதார். மிராசுதாரைப் பட்டறையின் மூத்த ஓவியர் எடுத்துக்கொண்டார். கன்னத்தில் ரோஜா நிறம் ஏற்றி, மோவாய்க்குக் கீழே நிழல் கொடுத்து, அங்கவஸ்திரத்தின் மடிப்பு ஒவ்வொன்றையும் தனியாகக் காட்டினார். பெண்கள் என்னிடம் வந்தார்கள்.

“வயக்காட்டு ஆளுங்கதானேம்மா. பழுப்புல கறுப்பக் கலந்து ஒரே பூச்சா பூசிடு. சேலைக்கு மட்டும் கலர் மாத்து,” என்றார் மூத்தவர். கெட்ட மனிதர் இல்லை. எல்லாரும் அப்படித்தான் பூசிவந்தார்கள்.

ஐந்து பொம்மைகளை அப்படியே பூசி வைத்தேன். காய்ந்ததும் கரிக்கட்டைகளாகத் தெரிந்தன. முதுகு எது, தோள் எது என்று புரியவில்லை. அம்மாவின் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவள் நான். அதில் ஒரு நிறமா இருக்கிறது? ஐந்தையும் ஈரத்துணியால் துடைத்தேன்.

கறுப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன். உடம்புக்கு வெறும் பழுப்பு. நிழலுக்குக் காவியில் நீலம் கலந்தேன். வெளிச்சம் படும் இடத்துக்கு மஞ்சள். நிறங்கள் சரியாக வந்துவிட்டன. அவை சேரும் இடம்தான் வரவில்லை. கோந்து கலந்த வர்ணம் சட்டென்று உலர்ந்து, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதுபோல் கோடு விழுந்தது. அதைத் தேய்த்தால் அடியில் இருந்ததும் கரைந்து சேறாயிற்று. இரண்டு நாள் இப்படியே போனது. பொருட்காட்சி நெருங்குகிறது என்று முதலாளி நினைவூட்டிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் இரண்டு தூரிகைகள் எடுத்தேன். ஒன்றில் வர்ணம். மற்றதில் வெறும் ஈரம், அதுவும் துணியில் ஒற்றியெடுத்த ஈரம். விலா ஓரத்தில் நிழலை வைத்து, அது உலர்வதற்குள் ஈரத் தூரிகையால் விளிம்பை முதுகுப் பக்கம் இழுத்தேன். கோடு கலைந்தது. நீலம் எங்கே முடிகிறது, பழுப்பு எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. தோள்பட்டையில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்து அதையும் அப்படியே கரைத்தேன். என் உள்ளங்கையில் ஒரு பெண் வெயிலில் குனிந்து நின்றாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

முப்பதையும் முடித்தேன். ஒருத்தியின் நிறம் இன்னொருத்திக்கு இல்லை. மூத்தவர் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் மிராசுதாரை எடுத்து, கன்னத்து ரோஜாவைக் கொஞ்சம் துடைத்துவிட்டார்.

பொருட்காட்சிக்கு முன்பே ஊரில் பேச்சுவார்த்தை முடிந்து, கேட்ட கூலிக்கு நடவு நடந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவும் தெருப் பெண்களும் திறப்பு விழாவுக்கே பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டிமுன் ஒரே கூட்டம். அம்மா முண்டியடித்து முன்னே போய் வெகுநேரம் பார்த்தாள்.

“இவ இப்ப நிமிரப் போறா,” என்றாள் ஒரு பொம்மையைக் காட்டி. “முதுகுல வெயிலு உறைக்குது பாரு.”

மற்ற பெண்கள் இது நீ, இது நான் என்று ஆளுக்கொருத்தியைத் தேடிச் சிரித்தார்கள். விழாவுக்கு வந்திருந்த அதிகாரி அந்தச் சத்தத்தில் திரும்பி வந்து பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். முதலாளி மூத்தவரைப் பார்த்தார். மூத்தவர் என்னைக் காட்டினார்.

“பொம்பளைங்க எல்லாம் இந்தப் பொண்ணு கைவேலைங்க.”

எந்த ஊர் என்று அதிகாரி கேட்டார். பட்டறையில் அதுவரை திருவாரூர் என்று மட்டும்தான் சொல்லிவந்தேன். அன்று ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன். அம்மாவின் கையைப் பிடித்து, இவங்க பொண்ணு என்றும் சொன்னேன். அதிகாரி அம்மாவைக் கும்பிட்டார். அம்மா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, இன்னும் பார்த்து முடிக்காதவளாகப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.