சத்வா கிளினிக்கில் மணிநேரம் சேர்த்த கதை

கிளினிக் வேலையில் முதலில் தெரிந்துகொள்வது இதுதான்: காய்ச்சல் எல்லோருக்கும் வரும், லீவு சிலருக்குத்தான் வரும்.

நான் படிக்க ஆசைப்படுவது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. டாக்டரோடு சேர்ந்து நோயாளியைப் பரிசோதித்து, மருந்து வரைக்கும் எழுதிக் கொடுக்கிற வேலை. அமெரிக்காவில் அதற்கு இடம் கேட்க வேண்டுமானால், நோயாளிகளைக் கையால் தொட்டுப் பார்த்த அனுபவத்தை மணிக்கணக்கில் காட்ட வேண்டும். பரீட்சையில் வாங்கிய மார்க்கை வைத்து அவர்களை மயக்க முடியாது. இதே மணிநேரத்துக்காக ஊர் ஊராகக் கிளினிக் வாசலில் நிற்கும் சகபாவிகளே, என் கதையையும் கொஞ்சம் கேளுங்கள்.

வாய்க்கு லைசென்ஸ்

நான் துபாயில் வளர்ந்தவள். உயிரியல் பட்டமும் உதவி நர்ஸ் பயிற்சியும் முடித்துவிட்டு, அங்கேயே சத்வா பகுதியில் தையல் கடைகளுக்கு மேல்மாடியில் இருக்கும் சின்ன கிளினிக்கில் சேர்ந்தேன். முதல் நாளே டாக்டர் சுலேகா தெளிவாகச் சொல்லிவிட்டார். உதவி நர்ஸ் லைசென்ஸ் கைக்கு வரும்வரை நோயாளி மேல் என் விரல்கூடப் படக்கூடாது, அதுவரை கவுன்டர். கவுன்டரில் உட்காரும் நேரத்தைக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்வதில்லை. லைசென்ஸ் இழுத்துக்கொண்டே போனது, விண்ணப்பிக்கக் கடைசித் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

தொடத்தானே கூடாது, கேட்கலாமே என்று நினைத்தேன். வருகிறவர்களிடம் பெயரையும் போன் நம்பரையும் கேட்பதோடு நிறுத்தாமல், எப்போதிருந்து வலிக்கிறது, எந்த மாடியில் ரூம், தண்ணீர் குடிக்கிறீர்களா என்று குடைந்தெடுப்பேன். எனக்கு எல்லாமே தெரிய வேண்டும். வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்ட ஒரு நாள், யாழ்ப்பாணத்துக்காரரான பவானி சிஸ்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். "பிள்ளை, உம்மட கைக்குத்தான் இன்னும் லைசென்ஸ் வரேல்ல. வாய்க்கு எப்ப எடுத்தனீர்?"

விலைப்பட்டியல்

டூட்டிக்குப் போக வேண்டிய நேரத்தில் வந்து நின்றார் ஒருவர். நடை சரியாக இருந்தது, முகம் தெளிவாக இருந்தது, கையில் டீ இருந்தது. சிக் லீவு வேண்டும் என்றார். எங்கே வலி என்று கேட்டேன். தலை என்றார். என் முகத்தைப் பார்த்தார். உடனே முதுகு என்று மாற்றிக்கொண்டார். அதை டாக்டர்தான் முடிவு செய்வார் என்று சொன்னதும், கவுன்டர் மேல் டீயை வைத்துவிட்டு ரகசியமாகக் குனிந்தார். "நீங்களே சொல்லுங்க மேடம், எங்க வலிச்சா ரெண்டு நாள் குடுப்பாங்க?"

வீடியோவில் வந்த வீட்டுக்காரி

வளைகுடாவில் பிரஷர் பார்ப்பது குடும்ப நிகழ்ச்சி. கையில் பட்டையைச் சுற்றும் முன்னே போனில் ஊர் வந்துவிடும். பரமக்குடிக்காரரான ஒரு டிரைவர், பவானி சிஸ்டர் பிரஷர் பார்க்கும்போது போனை மேசை மேல் சாய்த்து வைத்திருந்தார். ஃபைல் கொடுக்கிற சாக்கில் நானும் வாசலில் நின்றுகொண்டேன். திரையில் அவர் மனைவி, அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டே, எண் தெரியவில்லை, கொஞ்சம் கிட்டக் காட்டுங்கள் என்றார்.

எண் கொஞ்சம் கூடுதல். டாக்டர் வந்து, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார். டிரைவர் கோயில் வாசலில் சத்தியம் செய்கிறவர் மாதிரி இல்லவே இல்லை என்று தலையாட்டினார். போனில் கரண்டிச் சத்தம் நின்றது. "டாக்டரம்மா, அப்படியே அவரு சட்டைப் பையையும் ஒரு பார்வை பாத்துருங்க."

ரூம் வழக்கம்

தொண்டை வலியோடு வந்து ஐந்து நாள் மாத்திரை வாங்கிப்போன ஒரு எலக்ட்ரீஷியன், வாரம் முடிவதற்குள் அதே வலியோடு திரும்பி வந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கம். மாத்திரையை முழுக்கச் சாப்பிட்டீர்களா என்று வழக்கம்போல் குடைந்தேன். "ரெண்டே நாள்ல காலி" என்றார் பெருமையாக. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐந்து நாள் மருந்தை இரண்டு நாளில் விழுங்கியவர் எப்படி நிற்கிறார் என்று டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து விசாரித்தார். விழுங்கவில்லை, பங்கு வைத்திருக்கிறார். ரூமில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் தொண்டை கட்டியிருந்ததாம். ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்ததில் ஒருவருக்கும் குணமாகவில்லை. நாளைக்கு அந்த மூன்று பேரையும் கூட்டி வாருங்கள், இனிமேல் மருந்தைப் பிரிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்தார். எலக்ட்ரீஷியனுக்கு உண்மையாகவே வருத்தம். "சோறு பொது, கேஸ் பொது, சோப்புகூடப் பொது டாக்டர். மாத்திரைய மட்டும் நான் எப்படி ஒளிச்சு வச்சுத் திங்கறது?"

மொத ஆளு

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. கல்லூரிக்குக் கணக்குக் காட்ட நேரம் மிகக் குறைவாகத்தான் இருந்தது. அன்றைக்கே உள்ளே அனுப்பினார்கள். பிரஷர், காய்ச்சல், நாடி மூன்றும் இனி என் பொறுப்பு. முதல் ஆளாக வந்தவர் செல்வராணி. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, துபாயில் ஒரு சென்னைக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்க்கிறவர். வீட்டுக்கார அம்மா தானே காரில் கூட்டி வந்திருந்தார், அக்கறையானவர்தான். ஆனால் நான் செல்வராணியைப் பார்த்துக் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொன்னார். தூக்கம்? நன்றாகத் தூங்குவாள். சாப்பாடு? நாங்கள் சாப்பிடுவதுதான். தலைவலி? டீ அதிகம் குடிப்பாள், வேறொன்றுமில்லை.

புதிதாக வந்தவள் இப்படிச் சொல்லலாமா என்று தெரியாமலே, கொஞ்சம் வெளியே உட்காருங்கள் மேடம் என்று சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் போனார். பிரஷர் பார்த்தேன். மிக அதிகமாகக் காட்டியது. என்னாலேயே நம்ப முடியாமல், கொஞ்ச நேரம் உட்காரவைத்து மறுபடி பார்த்தேன். அதேதான். அப்போதுதான் செல்வராணி வாயைத் திறந்தார். மாதக்கணக்காகத் தலை வெடிக்கிற மாதிரி வலியாம், காலையில் எழுந்தால் கண் மங்குகிறதாம். ஏன் சொல்லவில்லை என்றேன். ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயமாம்.

நான் போய்ச் சொன்னதும் டாக்டர் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தார். அன்றே மருந்து ஆரம்பமானது. ஒரு வாரம் ஓய்வு கொடுக்க வேண்டும், மருந்திலேயே இது கட்டுக்குள் வந்துவிடும், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று வீட்டுக்கார அம்மாவிடம் டாக்டர் விளக்கினார். அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கிளம்பும் முன் ஒரு தடவை நாடி பார்க்கச் சொன்னார் டாக்டர். செல்வராணியின் மணிக்கட்டில் விரல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த வீட்டுப் புள்ளைகளுக்கு காச்சல்னா நான்தாங்க தொட்டுப் பாப்பேன். இந்த நாட்டுக்கு வந்து என்னைய தொட்டுப் பாத்தது, நீங்கதான் மொத ஆளு."

எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது, முதலிலிருந்து எண்ணினேன். இத்தனை மணிநேரம் வேண்டும் என்று கறாராகக் கேட்கிற கல்லூரிகள், எண்ணிக்கையைக் கோட்டைவிட்ட அந்த நிமிடத்தை எதில் சேர்ப்பது என்று மட்டும் எங்கேயும் சொல்லிவைக்கவில்லை.